கோடும் எண்ணும் உண்மையும்
(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் கல்வியின் பெருமை பற்றிப் பலரும் பேசியுள்ளனர். நமக்குத் தரப்பட்ட பொருள் சற்றே புதியது. அறிவியல் ஆராய்ச்சியின் முடிவுகளை இணையத்தில், தொட்டால் விடை சொல்லும் கோட்டுப்படங்களாக அமைத்துக் காட்டுவது எப்படி என்பதே அது. "இது பொறியாளர்க்கு உரிய பேச்சு, நம் சங்கத்தில் எதற்கு?" என்று சிலர் எண்ணக்கூடும். நம் மக்களின் குடிநீரோடும் நிலத்தோடும் இதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு என்பதை எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

ஒரு குடிநீர்க் கதை

சேலம், நாமக்கல் சமவெளியின் அடியில் இருப்பது கடினப் பாறை. ஆற்றுநீர் எட்டாத ஊர்கள் ஆழ்துளைக் கிணற்றையே நம்பி வாழ்கின்றன. பாறையிலுள்ள சில கனிமங்கள் நீரில் கரைவதால் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுகின்றது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாவிடில் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம். அதற்கு மேற்பட்ட நீரை ஆண்டுக்கணக்கில் பருகினால் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். அளவு இன்னும் மிகுந்தால் எலும்பும் மூட்டும் இறுகும். அண்டையிலுள்ள தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டு வந்தது இக்கேட்டைப் போக்குவதற்கே.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியில் ஓர் ஊரின் காலனிப் பிள்ளைகள் சிலர் பற்கறையோடு பள்ளிக்கு வந்தனர். அவ்வூர் இளைஞர்கள் எல்லாத் தெருக் கிணறுகளின் நீரையும் சோதனைக்கு அனுப்பினர். வந்த சீட்டுகளை எல்லாம் அடுக்கி, பக்கம் பக்கமாக எண்களை எழுதி, மனுவோடு ஓர் அலுவலகத்திற்குச் சென்றோம். அங்கிருந்தவர் தாள்களைப் புரட்டினார், கூட்டினார், வகுத்தார். "ஊரின் சராசரி வரம்புக்குள்தானே இருக்கிறது?" என்றார். கணக்கில் பிழை இல்லை. ஊர்த்தெருக் கிணறுகள் நல்ல நீரைக் கொடுத்தன. காலனியின் இரண்டு கிணறுகள் மட்டுமே கெட்ட நீரைக் கொடுத்தன. சராசரி என்னும் போர்வைக்குள் காலனி மறைந்து போயிற்று.

மனம் சோர்ந்து திரும்பினோம். அப்பொழுது பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஓர் அட்டையை எடுத்து ஊரின் தெருக்களை வரைந்தாள். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு வட்டம்; ஃபுளோரைடு மிகுந்தால் வட்டம் பெரிது; 1.5ஐத் தாண்டினால் சிவப்பு. அவ்வட்டையை எடுத்துக்கொண்டு மறுபடியும் சென்றோம். அதே அலுவலர் எழுந்து நின்று பார்த்தார். "இந்தப் பெரிய வட்டம் எந்தத் தெரு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மறுசோதனைக்கு ஆணை பிறந்தது. சில மாதங்களில் வேறு குழாய் வந்தது. எண்கள் அதே எண்கள்தாம். காட்டிய முறைதான் வேறு.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த அட்டை அலுவலக அலமாரியில் மங்கிப் போயிற்று. அலுவலர் மாறினார், புதியவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. கோடையில் எவ்வளவு, மழைக்குப் பின் எவ்வளவு என்று அவர் கேட்டபோது அட்டை வாய் திறக்கவில்லை. அந்த வட்டத்தைத் தொட்டவுடன் கிணற்றின் ஆழமும், சோதித்த மாதமும், அளவும் விரியுமாயின்? மாதத்தை நகர்த்தினால் வட்டங்கள் பெருத்தும் சிறுத்தும் காட்டுமாயின்? அதுவே நாம் பேச வந்த பொருள்.

வெக்டர் படம் என்பது யாது?

கணிப்பொறியில் படத்தை வைத்திருக்க இரு வழிகள் உள்ளன. ஒன்று புள்ளிப்படம். செய்தித்தாளில் அச்சான புகைப்படத்தை உருப்பெருக்கியால் பார்த்தால் புள்ளிகளாகத் தெரியுமன்றோ, அது போன்றது. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்து போகும். மற்றொன்று வெக்டர் படம். அதில் படத்தின் உருவம் இல்லை. வரையும் விதம் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். "இவ்விடத்தை மையமாகக் கொள், ஆரம் இவ்வளவு, நிறம் சிவப்பு" என்று சொன்னால் கணிப்பொறி அவ்வப்பொழுது வட்டத்தை வரைந்து கொள்ளும். சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் கோடு கூர்மையாகவே இருக்கும்.

இது நம் ஊருக்குப் புதிதன்று. நில அளவையின் புலப்படத்தை, அதாவது எஃப்.எம்.பி.யை, நீங்கள் பார்த்திருப்பீர்கள். நில அளவர் புலத்தின் குறுக்கே ஜி கோடு என்னும் அடிக்கோட்டை இடுவார். அக்கோட்டில் இத்தனை தொலைவு சென்று, அங்கிருந்து இடமோ வலமோ இத்தனை விலகினால் எல்லைக்கல் என்று குறிப்பார். அந்த எண்கள் இருக்குமளவும் கல் பிடுங்கப்பட்டாலும் எல்லையை மறுபடியும் நாட்டலாம். தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய கொலாப்லேண்ட் என்னும் மென்பொருளின் வழியாக இப்புலப்படங்கள் கணிப்பொறியில் ஏற்றப்பட்டன. தமிழ்நாடு அரசின் "எங்கிருந்தும் எந்நேரமும்" இணையச் சேவையில் அவற்றைப் பார்க்கலாம். 1892ஆம் ஆண்டின் அரசாணையால் நம் முன்னோர்க்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் எத்தனை கைமாறிப் போயின என்பதை அறிந்த நமக்கு, ஒரு கோட்டை வாசிக்கத் தெரிவது எத்துணை இன்றியமையாதது என்று சொல்லவும் வேண்டுமோ?

இன்னும் எளிய சான்று நம் வாசற்கோலம். புள்ளி வைத்து, வளைத்து, திருப்பி, மீண்டும் தொடங்கிய இடத்திற்கே வரும் தாய்மார்கள், கோலத்தை உருவமாக மனத்தில் வைத்திருப்பதைவிடக் கைநகர்வுகளின் வரிசையாகவே வைத்திருக்கின்றனர். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருதிவாசனும் கோலத்தைக் கணினி அறிவியலின் இலக்கண முறையால் ஆராய்ந்து 1974ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். கோலத்தை விதிகளாகவும் கட்டளைகளாகவும் எழுதலாம் என்னும் அக்கருத்து, பின்னர் வெளிநாட்டுக் கணினி வரைகலை அறிஞர்களாலும் எடுத்தாளப்பட்டது. வாசலில் குனிந்து கோலமிட்ட தமிழ்ப்பெண்ணின் அறிவு உலக ஆய்விதழில் ஏறிற்று என்பது நமக்குப் பெருமை.

இணையமும் ஆராய்ச்சியும்

உலகளாவிய வலை என்பதே ஆராய்ச்சிக்காகப் பிறந்தது. 1989ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்திலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ அதற்குத் திட்டம் தந்தார். அறிவியலாளர் தம் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆயினும் நெடுங்காலம் ஆய்வுக்கட்டுரைகள் அச்சுத்தாளின் நிழலாகவே இணையத்தில் வந்தன. படம் இருந்தது, பேசவில்லை.

வலையின் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2001ஆம் ஆண்டு செப்டம்பரில் எஸ்.வி.ஜி. என்னும் வெக்டர் பட முறையைத் தரமாக அறிவித்தது. இது வெறும் எழுத்தால் ஆனது. சாதாரணக் குறிப்பேட்டுச் செயலியில் திறந்தும் படிக்கலாம், திருத்தலாம். படத்தின் ஒவ்வொரு வட்டமும் கோடும் தனித்தனி உறுப்பு. ஆகையால் "இதைத் தொட்டால் இதைச் சொல்" என்று ஒவ்வொன்றுக்கும் கட்டளையிடலாம். படத்திலுள்ள சொற்கள் எழுத்தாகவே இருப்பதால் தமிழில் எழுதலாம், தேடலாம். உரிய விளக்கத்தை உள்ளே எழுதிவைத்தால், பார்வையற்றோர்க்குத் திரையை வாசித்துக் காட்டும் கருவி அதனையும் சொல்லும்.

முதல் பத்தாண்டு இது தவழ்ந்தே சென்றது. எல்லா உலாவிகளும் இதனைக் காட்டவில்லை. 2011ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட்டின் உலாவியும் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் மைக் போஸ்டாக் என்பாரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவர் தோழர்களும் டி3 என்னும் இலவச மென்பொருள் நூலகத்தை வெளியிட்டனர். எண்களின் பட்டியலைக் கொடுத்தால் அவற்றுக்கேற்பக் கோடும் வட்டமும் நிலப்படமும் வரைய உதவுவது அது.

இவ்விடத்தில் ஒரு பாடம் உண்டு. ஃபிளாஷ் என்னும் முறையிலும் முன்பு அழகிய அறிவியல் படங்கள் பல செய்யப்பட்டன. அது ஒரே நிறுவனத்தின் சொத்து. அந்நிறுவனம் 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு ஆதரவை நிறுத்தியது. படங்கள் பல இருண்டன. எஸ்.வி.ஜி. யாருடைய தனிச்சொத்தும் அன்று, பொதுக்கிணறு போன்றது. பொதுக்கிணற்றின் அருமையை நம்மினும் அறிந்தவர் யார்?

கொரோனாக் காலத்தின் சான்று

2020ஆம் ஆண்டு மார்ச்சில் நோய் பரவத் தொடங்கியபோது ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வடிவில் அறிக்கை வெளியிட்டது. நம் மாநிலத்தின் அறிக்கையில் மாவட்டவாரியான அட்டவணை நாள்தோறும் வந்தது. இந்தியா முழுவதையும் ஓரிடத்தில் பார்க்க வழி அரிதாக இருந்தது. அவ்வேளையில் ஊதியம் பெறாத தன்னார்வ இளைஞர்கள் கூடி, "கோவிட்19இந்தியா" என்னும் தளத்தை நடத்தினர். அறிக்கைகளைப் படித்து எண்களைத் திரட்டினர். டி3 கொண்டு வெக்டர் நிலப்படமாகவும் வரைகோடுகளாகவும் காட்டினர். மாநிலத்தைத் தொட்டால் மாவட்டங்கள் விரியும்; சேலத்தைத் தொட்டால் சேலத்தின் எண் வரும். எண்களையும் நிரல்களையும் மூடிவைக்காமல் எவரும் எடுத்துக்கொள்ளத் திறந்து வைத்தனர். ஆராய்ச்சியாளர் பலர் அவற்றைக் கொண்டே தம் ஆய்வுகளைச் செய்தனர். 2021 அக்டோபர் 31ஆம் நாளோடு அத்தளம் புதுப்பித்தலை நிறுத்திக்கொண்டது.

இதில் நாம் கற்க வேண்டியது யாது? அரசு தந்த எண்களையே, அரசு அலுவலகத்தில் அமராத இளைஞர்கள், நாட்டுக்குப் பயன்படும் வடிவில் தந்தனர். அதற்கு வேண்டியவை ஒரு கணிப்பொறி, ஒழுங்கு, கூட்டுழைப்பு, நேர்மை. பிறப்புச் சான்றிதழ் வேண்டியதில்லை.

ஒடுக்கப்பட்டோர் வரைந்த படங்கள்

இப்பொழுது நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்வோம். 1900ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாழ்வைக் காட்டும் பகுதி ஒன்று அங்கே இடம்பெற்றது. அதற்காக அட்லாண்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் தம் மாணவர்களைக் கொண்டு ஏறத்தாழ அறுபது வண்ணப் படங்களைக் கையாலேயே வரைவித்தார். ஜார்ஜியா மாநிலக் கறுப்பின மக்களின் நிலவுடைமை எவ்வளவு, கல்வி எவ்வளவு, தொழில் எவ்வளவு என்பவை எல்லாம் பட்டைகளாகவும் சுருள்களாகவும் அவற்றில் விரிந்தன. அடிமைகளாக இருந்தோர் எத்தனை பேர், உரிமையோடு இருந்தோர் எத்தனை பேர் என்று காட்டும் படத்தில், கறுப்புப் பரப்பின் ஓரத்தில் பச்சை நிறம் மெல்லிய கீற்றாக ஓடி, இறுதியில் முழுப்பரப்பையும் கொள்ளும். "இம்மக்கள் முன்னேற மாட்டார்" என்று சொன்ன உலகிற்கு அவர் வசை பாடவில்லை; அளந்து காட்டினார். அப்படங்கள் இன்றும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன, இணையத்திலும் பார்க்கலாம்.

1946ஆம் ஆண்டு அண்ணல் அம்பேத்கர் இதே டுபாய்ஸுக்கு மடல் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் மன்றத்திற்கு அளித்த விண்ணப்பத்தின் படிகளைக் கேட்டு எழுதிய மடல் அது. டுபாய்ஸும் விடை எழுதினார். அண்ணல் அவர்களும் எண்களின் ஆற்றலை அறிந்தவர். 1923இல் வெளிவந்த அவருடைய ரூபாய் பற்றிய நூலைத் திறந்தால் அட்டவணைகள் நிறைந்திருப்பதைக் காணலாம். உணர்ச்சியை அவர் குறைத்துக் கொண்டாரில்லை. ஆயினும் சான்று இன்றி வழக்காடினாரில்லை.

படமும் பொய் சொல்லும்

தம்பியரே, தங்கையரே, இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். படம் உண்மையைக் காட்டுவது போலவே பொய்யையும் காட்ட வல்லது.

மேட்டூர் அணையை எடுத்துக்கொள்வோம். 1934ஆம் ஆண்டு முதல் அது நம் மாவட்டத்தின் பெருமை. அதன் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி. நீர்மட்டம் 60 அடி என்று செய்தி வந்தால் அணை பாதி நிறைந்திருக்கிறது என எண்ணுவோம். அது தவறு. நீர்த்தேக்கம் அடியில் குறுகி மேலே அகன்றது. ஆதலால் பாதி உயரத்தில் உள்ள நீர் பாதிக்கு மிகக் குறைவு. உயரத்தை மட்டும் பட்டையாக வரைந்தால் வேளாளர் ஏமாறுவர். கொள்ளளவையும் உடன் வரைய வேண்டும். மட்டத்தை நகர்த்தினால் கொள்ளளவும் நகரும்படி அமைத்தால் ஒரு சிறுவனுக்கும் விளங்கிவிடும்.

அவ்வாறே அளவுகோலைச் சுழியத்தில் தொடங்காமல் இடையில் தொடங்கினால், பட்டைப் படத்தில் சிறு வேறுபாடு மலைபோல் தோன்றும். நிலப்படத்தில் பரப்பு மயக்கும். மக்கள் நெருங்கிய சென்னை விரல்நுனி அளவே தெரியும், மக்கள் குறைந்த மலைப்பகுதி அகன்று தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையோர் ஆண்களில் சிலர் உண்டு. நிறத்தை மட்டும் நம்பி வரைதல் கூடாது. பல்லாயிரம் புள்ளிகளை எஸ்.வி.ஜி.யில் இட்டால் எளிய கைப்பேசி திணறும். அளவறிந்து இட வேண்டும்.

எல்லாவற்றினும் மேலாக, மக்களின் மறைவைக் காக்க வேண்டும். கிணற்றைக் காட்டலாம், நோயாளியின் வீட்டைக் காட்டலாகாது. நம்மைச் சுட்டிக்காட்டி இழிவு செய்த உலகில் நாம் வாழ்ந்திருக்கிறோம். நம் படம் நம்மவரைச் சுட்டும் விரலாக மாறிவிடக் கூடாது.

செய்ய வேண்டியவை

இதற்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ செல்ல வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டு முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் விரைவுக்குறியீடுகளும் இணையச் செயல்பாடுகளும் இடம்பெற்றன. கணக்குப் பாடத்தில் ஜியோஜிப்ரா என்னும் இலவச மென்பொருளின் படத்தை இழுத்தால் கோணம் மாறும்; வட்டத்தின் மீது புள்ளியை எங்கே நகர்த்தினாலும் அரைவட்டக் கோணம் 90 பாகையாகவே நிற்கும். பத்து முறை சொல்லியும் விளங்காத தேற்றம், ஒரு முறை இழுத்துப் பார்த்த மாணவனுக்கு விளங்கியதை நம் வகுப்பறையில் கண்டோம். "ஐயா, நானும் இப்படி ஒன்று செய்யலாமா?" என்று அவன் கேட்டான். அக்கேள்வியே கல்வியின் தொடக்கம். பார்ப்பவராக மட்டும் இருந்துவிடாமல் செய்பவராக வேண்டும்.

ஆதலின் மூன்று வேண்டுகோள்களை இச்சங்கத்தின் முன் வைக்கின்றோம்.

முதலாவது, நம் மாலைநேரப் பாடசாலையில் கணிப்பொறி ஒன்றை இதற்கென ஒதுக்குவோம். இங்க்ஸ்கேப் என்னும் வரைபட மென்பொருள் இலவசம். குறிப்பேட்டுச் செயலியில் பத்து வரி எழுதினால் முதல் வட்டம் திரையில் தோன்றும். கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தரட்டும்.

இரண்டாவது, நம் ஊர்களைப் பற்றிய ஓர் ஆய்வைத் தொடங்குவோம். கிணற்று நீரும் மழையளவும், பள்ளியில் இடைநின்ற பிள்ளைகளின் தொகையும் எவராலும் திரட்டத்தக்கவை. அளந்த நாள், அளந்த முறை, அளந்தவர் ஆகியவற்றைப் பதிவு செய்வோம். ஊர் சராசரி ஒரு பக்கமும், தெருவாரியான எண் மறுபக்கமும் நிற்கட்டும். படிப்பவர் தொட்டு விரித்துப் பார்க்கட்டும்.

மூன்றாவது, படத்திலுள்ள சொற்களைத் தமிழிலேயே எழுதுவோம். எண்ணைத் திரட்டித் தந்த தாய், தன் தெருவின் வட்டத்தைத் தானே தொட்டுப் படிக்க வேண்டும். அவளுக்கு விளங்காத படம் எத்துணை அழகாயினும் அரைகுறையே.

பெரியோர்களே, ஒரு காலத்தில் ஊரின் படத்தை வரைந்தவர்கள் ஊர்த்தெருக்களைத் தெளிவாக வரைந்தனர். நம் குடியிருப்புகள் தாளின் ஓரத்தில் ஒரு சொல்லாக நின்றன. அன்று எழுதுகோல் நம் கையில் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளை விரல்விட்டு எண்ணக்கூடிய நாளில் இச்சங்கம் தோன்றியது. இன்று பட்டதாரிகள் இவ்வரங்கை நிரப்பியிருக்கின்றனர். அன்று அட்டையில் வட்டம் வரைந்த அந்த மாணவி இன்று கல்லூரியில் வேதியியல் பயில்கின்றாள், இவ்வரங்கிலேயே அமர்ந்திருக்கின்றாள். அவள் வரைந்த படத்தைக் கணிப்பொறியில் ஏற்றித் தரும் பணியை இவ்வாண்டு நம் இளைஞர்கள் மேற்கொள்வார்களாயின், இவ்வெள்ளி விழா பயன் பெற்றதாகும்.